அடுக்குமல்லிக்கு ஊற்றிய தண்ணீர்

1. திங்கட்கிழமை அடுக்குமல்லியின் இலை நுனிகள் கருகியிருந்தன. வெயில் என்று நினைத்தோம்.
2. புதன்கிழமை கருகல் விளிம்பெல்லாம் பரவியது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன.
3. வியாழக்கிழமை ஜோலார்பேட்டையிலிருந்து அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பதியத்தை எடுத்துக்கொள்வாராம்.

அக்கா பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். ஆம்பூரில் எங்கள் தெரு முழுக்க அடுக்குமல்லி கொடுத்தவர். அவர் வீடு மாறிப் போனதும் வீட்டுக்காரர் அங்கிருந்த மூலச்செடியை வெட்டி, பைக் நிறுத்த சிமெண்ட் பூசிவிட்டார். மற்ற வீட்டுச் செடிகள் போர்வெல் தண்ணீரின் உப்பில் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. மிஞ்சியது எங்களுடையது. அதன் தாழ்ந்த கிளையை வளைத்து, அடுத்த தொட்டி மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்திருந்தேன். அதுதான் அக்காவுக்கான பதியம்.

"அது ஒண்ணுதான் மிச்சம், பார்த்துக்கோம்மா" என்றார் போனில்.

தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. தண்ணீரில் உப்பைச் சோதிப்பதே என் பொழுது. அன்று மாலை உப்பு பார்க்கும் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செடிக்கு என்ன ஊற்றுகிறாய் என்று கேட்டதும் அம்மா சமையலறையிலிருந்த பக்கெட்டைக் காட்டினார். குடிநீரைச் சுத்தப்படுத்தும் மெஷின் கழிவாக வெளியே தள்ளும் தண்ணீர். வீணாகக் கூடாது என்று கோடை முழுக்கச் சேர்த்து ஊற்றியிருக்கிறார். குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு மிக அதிகம்.

"குடிக்கிற மெஷின்ல வர்ற தண்ணி எப்படிடி கெட்ட தண்ணியாவும்?"

"உப்பெல்லாம் அது எங்கம்மா தள்ளும்? இந்த பக்கெட்டுலதான்."

அம்மா பக்கெட்டை ஓரமாக நகர்த்தினார். பிறகு, அக்காவிடம் வெயில் என்று சொல்லிவிடு என்றார்.

பதியம் வேர்விட்டதா தெரியவில்லை. வெட்டினால் வாடலாம், விட்டால் தாய்ச்செடியோடு சேர்ந்து கருகலாம். கிளையை மெல்ல இழுத்தேன். மண் லேசாகப் பிடித்துக்கொண்டது. வெட்டினேன். சனிக்கிழமை அதில் இரண்டு இலைகள் தொங்கின. நான் தொட்டியை நிழலில் வைத்துவிட்டுப் போகவர அதையே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா முதலில் தாய்ச்செடியைத்தான் பார்த்தார்.

"இன்னாடி, தண்ணி படிச்சவ வீட்டுல செடி இப்படி கீது?"

வெயில் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார். "வெயிலு இல்ல. மெஷின் தண்ணிய நான்தான் ஊத்திட்டேன்."

அக்கா குனிந்து கருகிய இலை ஒன்றைக் கிள்ளினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பதியத்துக்குன்னு நானும் மெஷின் தண்ணிய ஒரு பக்கெட் ரொப்பி வெச்சிட்டு வந்திருக்கேன்" என்றார்.

பதியம் இப்போது ஜோலார்பேட்டையில் இருக்கிறது. இலைகள் கொட்டிவிட்டன, ஒரு கணுவில் பச்சை தெரிகிறது என்று நேற்று படம் அனுப்பினார். எங்கள் செடியின் கருகிய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, லாரித் தண்ணீர் விட்டு மண்ணின் உப்பைக் கழுவியிருக்கிறோம். துளிர் இன்னும் வரவில்லை. மெஷின் தண்ணீரில் அம்மா வாசல் கழுவுகிறார்.