வெள்ளிக்கிழமை உப்பு

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் சபையாருக்கும் என் அன்பு வணக்கம். அக்கா நம்மைவிட்டு ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய நல்ல குணங்களை மற்றவர்கள் இதே மலரில் அழகாக எழுதியிருப்பார்கள். நான் அவரோடு அதிகம் சண்டை போட்ட தங்கை. எனவே புகழ்ச்சியை அவர்களிடம் விட்டுவிட்டு, அக்காவின் வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எழுதுகிறேன்.

அதை எழுதினால் எங்கள் தம்பியின் கதையும் வெளியே வரும். "எழுதலாமாடா?" என்று அவனிடமே கேட்டேன்.

"எழுது சின்னக்கா. என்னைய மறைச்சா, அக்கா செஞ்சதையும் சேத்து மறைச்ச மாதிரி ஆயிடும் லா," என்றான் எங்கள் சிங்கப்பூர்ப் பேச்சில். ஆகவே இனி வருவதெல்லாம் அவன் அனுமதியோடு எழுதியது.

அக்கா பிறந்ததும் வளர்ந்ததும் சிங்கப்பூரில்தான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பிடோக்கில் எங்கள் மூவறை வீட்டில் அம்மா நோயாகப் படுத்தபோது அக்காவின் பள்ளிப் படிப்பு முடிந்திருக்கவில்லை. அம்மா படுக்கையில் இருந்தபடியே சொல்லச் சொல்ல, அக்கா சமைக்கக் கற்றுக்கொண்டார். அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், தம்பியை முதுகில் தட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவர்தான். பிறகு பேருந்து ஓட்டும் மாமாவைத் திருமணம் செய்துகொண்டார். மாமா அதிகம் பேசமாட்டார். அக்கா பேசியதே இருவருக்கும் போதுமானதாக இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "ரெண்டு பேர வளத்தாச்சு, போதும்," என்று அக்கா சொல்வார். சொல்லும்போது முகம் கொஞ்சம் வாடும். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை.

தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கோப்பிக்கடை ஒன்றுக்குள் அக்காவின் சாப்பாட்டுக் கடை இருந்தது. உங்களில் பாதிப் பேர் அங்கே சாப்பிட்டவர்கள். மற்ற நாள்களில் மீன்குழம்பும் கோழிப் பிரட்டலும் ஓடும். வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், ஏனென்றால் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அன்று கவிச்சி தொடாத இந்துக்கள். அக்காவுக்கு நாக்குதான் பெருமை. எந்தச் சட்டியையும் இறக்குமுன் கரண்டியால் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையாட்டினால், அப்புறம் அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இனி தம்பி. அவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். நண்பர்களோடு விளையாட்டாகத் தொடங்கிய குடி, காலையிலேயே வாய் நாறும் அளவுக்கு வந்தது. வேலை போனது. அவன் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அதை நான் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போயிருப்பேன்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். குடியின் ஆவி பிடித்திருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் ஊழியக்காரரிடம் தம்பியை இழுத்துக்கொண்டு போனோம். அவர் அவன் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்தார். தம்பி தொப்பென்று விழுந்தான். கூட்டமே அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அவன் ஏற்கெனவே நிற்க முடியாமல்தான் வந்திருந்தான் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். மறுநாளே பழையபடி குடித்துவிட்டு வந்தான். அக்கா எங்கள் போதகரிடம் போய், "ஐயா, பேய் போச்சோ என்னவோ தெரியல. பீர் போகலையே," என்றார். போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

அந்த வாரம்தான் அக்கா உபவாசத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை முழுவதும் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் படாது. மாலையில் உபவாச ஜெபம் முடிந்த பிறகுதான் சாப்பாடு. "அவனுக்கு விடுதல கெடைக்கிற வரைக்கும்," என்றார். சாப்பாட்டுக் கடை நடத்திக்கொண்டு உபவாசமா என்று நான் கேட்டேன். அடுப்பு எரிவது தன் வயிற்றில் இல்லையே என்று பதில் வந்தது.

ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. உபவாசம் இருப்பவர் உப்பு பார்ப்பது எப்படி? போதகர், ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினால் பாவமில்லை என்றார். "உங்களுக்குப் பாவமில்ல ஐயா. ஆனா எனக்கு நாக்குதான் எல்லாமே. அதக் கட்டாம வேற எதக் கட்டுறது?" என்றார் அக்கா. நானோ அலுவலகம் போகிறவள். மாமா அந்நேரம் பேருந்தில் இருப்பார்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, பசிக்கு ஏதாவது கிடைக்குமென்று தம்பி கடைக்கு வந்தான். அக்கா கரண்டியை நீட்டி, "உப்பு பாருடா," என்றார். அவன் உள்ளங்கையில் வாங்கி நக்கிவிட்டு, "போதல," என்றான். அக்கா உப்பு போட்டார். மறுபடி நீட்டினார். "இன்னும் கொஞ்சம்," என்றான். மறுபடி போட்டார்.

மதியம் கடையில் ஒரே கூச்சல். பூக்கடை அண்ணன், இருபது கடை தள்ளி மாலை கட்டுகிறவர், தட்டைக் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். "என்னா தங்கச்சி, சாம்பாரா கடல்தண்ணியா? வெள்ளிக்கெழம எனக்கும் விரதம்தான், ஆனா என் விரதத்துல சாப்பாடு உண்டு லா!"

அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என் தம்பிதான் உப்பு பாத்தான். இன்னிக்குத் தப்பாப்போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை சரியா இருக்கும்."

தம்பி அங்கேதான் உட்கார்ந்திருந்தான். குடியில் மரத்துப்போன நாக்கு தனக்கு என்று அன்றைக்குத்தான் அவனுக்கே தெரிந்தது. அவமானம் கோபமாக மாறி, "எனக்கு நாக்கு செத்துப்போச்சு. வேற ஆளப் பாரு," என்று கத்தினான்.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, "வேற ஆளுக்காக நான் உபவாசம் இருக்கலையே," என்றார்.

இதைத் தம்பி எனக்குச் சொன்னபோது, அக்காவின் பிடிவாதம் இந்த முறை கடையையே மூடவைக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வியாபாரம் குறையத்தான் செய்தது. அக்கா ஆளை மாற்றவில்லை. அவன் வந்தால் கரண்டியை நீட்டுவார். வராத அன்று, வாசலில் ஒரு கிண்ணத்தில் உப்பை வைத்து, "இன்னிக்கு உப்பு பாக்கல, நீங்களே போட்டுக்குங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பரிமாறுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, கடை ஓய்ந்த பிறகு தம்பி வந்து மிச்சச் சோற்றில் கை வைத்தான். ஒரு வாய் சாப்பிட்டவன் நிறுத்திவிட்டான்.

"இதையாக்கா எல்லாருக்கும் குடுத்த?"

"ஆமா."

"உப்பே இல்லையே!"

"நீ வரலையே," என்றார் அக்கா. அவ்வளவுதான். தட்டின் முன் உட்கார்ந்து அவன் அழுதான். அக்காவும் அழுதார். ஆனால், அன்று அவன் உப்பு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டானே என்ற சந்தோஷத்தில்தான் அழுததாகப் பிற்பாடு என்னிடம் சாதித்தார்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை மாலைகளில் அவன் குடிக்காமல் இருக்க முயன்றான், மறுநாள் காலை நாக்கு வேலை செய்ய வேண்டுமே என்று. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அக்கா மருத்துவரை ஒதுக்கியவர் அல்லர். குடியை விடுவதற்கான சிகிச்சைக்கு அவரே தம்பியைக் கூட்டிப்போனார். "நீங்க மருந்து குடுங்க டாக்டர், நான் பட்டினி கெடக்குறேன். ரெண்டு பக்கமும் புடிச்சு இழுப்போம்," என்று சொல்லி அவரையும் சிரிக்கவைத்தார். தம்பி இடையில் விழுந்தான், எழுந்தான், மறுபடி விழுந்தான். அக்கா சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் சலித்துக்கொண்டதுண்டு, அது வேறு விஷயம்.

வியாழன் புதனாயிற்று. புதன் வாரம் முழுவதுமாயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பூக்கடை அண்ணன் சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போகுமுன் தம்பியின் தோளில் தட்டி, "தம்பி, இன்னிக்கு நீ பாத்ததா? கரெக்டா இருக்கு லா," என்றார். தம்பி அன்று அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் சொன்னான் என்று கணக்கே இல்லை.

சபையில் அக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பெரிய சாட்சியாக வருமென்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அக்கா எழுந்து, "வெள்ளிக்கிழமை சாம்பார்ல இப்ப உப்பு சரியா இருக்கு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் தம்பியின் மனைவி மகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரிந்தது. சில மாதங்களில் இருவரும் வீடு திரும்பினார்கள். தம்பி அக்காவின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தான்.

விடுதலை கிடைத்த பிறகும் அக்கா வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடவில்லை. "அதான் கெடச்சிருச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டேன். "அவன் உப்பு பாக்குறத நான் பாக்கணும்டி. அது எனக்குச் சாப்பாட்ட விட ருசி," என்றார்.

பிறகு அக்காவுக்கு நோய் வந்தது. சிகிச்சையில் முதலில் போனது அவருடைய நாக்கு. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்பார். கடைசி வாரத்தில் தம்பி மருத்துவமனைக்கு ரசம் கொண்டுவந்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உப்பு இருக்காடா?" என்று கேட்டார்.

"இருக்குக்கா. சரியா இருக்கு."

"நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் இருந்தது அத்தனையையும் குடித்தார். வீட்டுச் சாப்பாடாக அவர் கடைசியாக வாங்கிக்கொண்டது அதுதான். நிம்மதியாகப் போனார். தான் கேட்டது கிடைத்துவிட்டது என்று தெரிந்து போனவர் அவர். இதை நான் எங்கு வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அக்காவின் நோய்க்காலத்தில் உடனிருந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே மருத்துவமனைக்கு வந்து, பேசாமல் அக்காவின் கால்களைப் பிடித்துவிட்ட மாமாவுக்கு நன்றி. முறை வைத்துக்கொண்டு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும் நன்றி. இறுதி ஆராதனைக்கு வேண்டிய பூவையெல்லாம் தன் கையால் கட்டிக் கொண்டுவந்த பூக்கடை அண்ணனுக்கு நன்றி. உப்பு கூடிய சாம்பாரையும் உப்பில்லாத சாம்பாரையும் சாப்பிட்டுவிட்டு, மறுவாரமும் வந்து வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அக்கா போன பிறகு நான் தேக்கா பக்கம் போகவில்லை. ஜெபக் கூட்டத்துக்கும் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சாப்பாடும் பிடிக்கவில்லை, ஜெபமும் வரவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் தம்பி பிடோக்கில் என் வீட்டுக்கு வந்து, நினைவு ஆராதனை வெள்ளிக்கிழமை மாலை என்றும், வருகிறவர்களுக்குத் தானே கடையில் சமைக்கப்போவதாகவும் சொன்னான். அக்காவின் வெள்ளிக்கிழமை உபவாசத்தை இப்போது அவன்தான் தொடர்கிறான்.

"அப்ப உப்பு யாருடா பாக்குறது?" என்று கேட்டேன்.

"நீதான்."

"நானா? எனக்கு நாக்கே சரியில்ல. மாமா இருக்காரு, உன் பொண்டாட்டி இருக்கா. வேற ஆளப் பாரு."

அவன் எனக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டே சொன்னான்: "வேற ஆளுக்காக நான் உபவாசம் இருக்கலையே சின்னக்கா."

நான் சண்டை போடாமல் தட்டை வாங்கி, ஒரு வாய் எடுத்து உப்பு பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

ஆகையால் அன்பர்களே, இன்று உங்கள் தட்டில் விழும் சாம்பாருக்கு உப்பு பார்த்திருப்பவள் நான். கூடியோ குறைந்தோ இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை சரியாக இருக்கும்.