கரையை வெட்டிய வேந்தனும் நம் மாசிலாமணியும்

என் பெயர் அ. வைத்தியலிங்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் நாடக சபையின் காரியதரிசி. நாடகம் நடக்கும்போது மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியுடன் அமர்ந்து, நடிகர் மறந்த வசனத்தை எடுத்துக்கொடுப்பவன். மறைந்த நண்பர் மாசிலாமணியிடம் நான் ஒருவன் மட்டுமே கண்ட ஒன்றை, அவரை அறிந்த உங்கள் முன் சொல்லி வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை, செந்தூல் ரயில் பட்டறையில் அவரோடு எழுத்தராக இருந்த சின்னையா என் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "காய்ச்சல் எறங்கவே இல்லீங்க. விடியறதுக்கு முன்ன போயிட்டாரு" என்றார். நான் அவரை உட்காரச் சொன்னேன். என் நாற்காலியைத் தவிர அறையில் வேறு நாற்காலி இல்லை என்பது சற்றுப் பொறுத்தே எனக்கு உறைத்தது.

நம் சபையின் பழைய நாடகத்தில் கோரவேந்தன் வேடம் எப்போதும் அவருக்குத்தான். ஏரிக்கரையை வெட்டித் தன் குடிகளையே வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு உரக்கச் சிரிக்கும் கொடியவன் அவன். அச்சிரிப்பைக் கேட்டு முன்வரிசைக் குழந்தைகள் வீறிடும். வீதியில் அவரைக் கண்டால், "வேந்தே, எங்க வீட்டுப் பைப்பை மட்டும் விட்டு வைங்க" என்று கேலி செய்யாதவர் இல்லை. அவரும் மீசையை முறுக்கி, "அங்கதான்யா மொதல்ல வரப்போறேன்" என்பார்.

கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அந்நாடகத்தை ஆடினோம். முடிந்ததும், பால்மரம் வெட்டும் அஞ்சலை என்ற பெண் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அண்ணே, எங்க ராசாவ ஏன் சிரிக்க வச்சீங்க?"

"எந்த ராசாம்மா? இது கதை" என்றார் மாசிலாமணி, முகத்து மையைத் துடைத்துக்கொண்டே.

"கதையில்ல. கரையை வெட்டுனது எங்க செல்லவீரப்பரு. பகையாளி குதிரப்பட வருதுன்னு, அத மடக்க, சனத்த மேட்டுல ஏத்திட்டுத்தான் வெட்டுனாரு. ஏற மாட்டாத கெழடுங்க போயிருச்சுங்க. அதுக்கு அழுது அழுதே கண்ணு அவிஞ்சு போச்சு அவருக்கு. ஊர விட்டு வந்தும் இங்க கல்லு நட்டு, வருசா வருசம் ஒரு கொடம் தண்ணி வச்சுக் கும்பிடுறோம். நீங்க சிரிக்கிறீங்களே அண்ணே."

பாதி துடைத்த முகத்துடன் அவர் எழுந்து நின்றார். மறுநாள் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்துவிட்டே ஊர் திரும்பினார்.

அதன்பின், கோரவேந்தன் செல்லவீரப்பரே என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. இருவரும் மழை குறைந்த சீமையை ஆண்டவர்கள், இருவரும் கருங்குதிரை ஏறியவர்கள், இருவரும் பிறர் கையில் விடாமல் தாமே மண்வெட்டி எடுத்தவர்கள் என்று பொருத்தங்களை அடுக்குவார். நாடக வேந்தன் தப்பி ஓடுகிறான். பாளையக்காரரான செல்லவீரப்பரோ ஓடாமல் நின்று பகைவர் கையில் தூக்கிலிடப்பட்டார் என்று வேற்றுமையையும் மறைக்காமல் சொல்வார். நாடகம் எழுதியவர் உயிருடன் இல்லை. எனவே இது அனுமானமே அன்றி நிரூபணம் ஆகாது என்றேன்.

"நல்லவருன்னு நான் சொல்லல, செகரட்டரி. சனம் செத்தது செத்ததுதான். வெட்டுனப்போ சிரிச்சாரா அழுதாரா? எனக்கு அது ஒண்ணுதான் கேள்வி."

சிரிப்பை எடுத்துவிட அனுமதி கேட்டார். ஆசிரியர் எழுதியதைப் பொதுக்கூட்டத் தீர்மானமின்றி மாற்றலாகாது என்பது சபை விதி. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. "சரி, எழுதியிருக்கிறபடியே சிரிக்கிறேன். எந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கணும்னு எழுதியிருக்கா?" என்றார். பிரதியைப் புரட்டினேன். எழுதியிருக்கவில்லை.

அடுத்த நாடகத்தில் கரை உடைந்தது. அவர் அவைக்கு முதுகைக் காட்டி, நான் அமர்ந்திருந்த பக்கத்திரையை நோக்கித் திரும்பினார். சிரித்தார். தோள்கள் குலுங்கின, குழந்தைகள் அலறின, கூட்டம் கைதட்டியது. அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்து மையைக் கரைத்தது. விளக்கொளியில் அம்முகத்தை நான் கண்டேன், வேறெவரும் காணவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு மேடையிலும் அப்படித்தான் நடந்தது. நாங்கள் இருவரும் ஒருமுறைகூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது என் மணிக்கட்டைப் பற்றினார். அவர் கை கொதித்தது. "கிள்ளான்ல திரும்ப ஆடப்போறோமே, அந்த அஞ்சலை வரும். என் முதுகத்தான பார்க்கும்?" என்றார். அதற்குள் தாதி வந்து, நேரம் முடிந்தது என்றார். நேரம் முடிந்தால் எழுந்துவிடுபவன் நான். எழுந்தேன்.

அவருடைய வாளையும் கிரீடத்தையும் சபை வைத்துக்கொள்ளட்டும். அந்த முகம் என்னுடையது. இத்தனை காலம் எனக்கு மட்டுமே காட்டப்பட்ட முகம் அது. அதை நானே வைத்துக்கொள்வது இனி முறையாகாது.

சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டும் அதிகாரம் காரியதரிசிக்கு உண்டு. அறிவிப்பை இன்றே ஒட்டுகிறேன். சிரிப்பை நீக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிவேன். கிள்ளானில் அஞ்சலைக்கு முன்வரிசையில் இடம் வைப்பேன். கோரவேந்தன் வேடத்தை ஏற்க யாரும் முன்வராவிட்டால், வசனம் முழுதும் அறிந்த நானே ஏற்பேன். மேடையேறிப் பழக்கமில்லாதவன்தான். ஆயினும் கரை உடையும்போது அவையை நோக்கித் திரும்பி நிற்பேன். அந்த இடத்தில் நான் அழுகையை நடிக்க வேண்டியிராது.