மலைமேல் நான் எடுத்த களை

துபாயில் என் வேலை, பூத்துக் குலுங்கும் செடிகளைப் பிடுங்கி எறிவது. ரவுண்டானாவில் தட்டுத் தட்டாக இறக்கி நாங்களே நட்டவைதான். வெயில் காலம் தொடங்குமுன் நிறம் மங்காமலே குப்பை லாரியில் ஏறிவிடும். நடுவில் தானாக ஏதாவது முளைத்தால் ஒருநாள் ஆயுள்கூடக் கிடையாது. சிவகங்கைப் பக்கம் கூலிக்குக் களையெடுக்கப் போன அம்மாவோடு போய்ப் பழகிய கை எனக்கு. அந்தப் பெருமையோடுதான் ஒரு மார்ச் மாத வெள்ளிக்கிழமை, தண்ணீர் லாரி ஓட்டும் பெஷாவர்க்காரர் ரஹ்மான் பாயுடன் ராஸ் அல் கைமா மலைக்குப் போனேன்.

கடைசி வளைவு திரும்பியதும் லாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். மொட்டை மலைக்கு மேலே கல்வரப்பு கட்டிய நிலம், முழங்கால் உயரப் புல், அதற்குள் மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள், காலடியிலிருந்து விர்ரென்று எழும்பும் குருவிகள். குழாய் இல்லை. இரண்டு மழை பெய்ததாம், அவ்வளவுதான். இந்த நாட்டுக்குப் பச்சை போடுவதே நாங்கள்தான் என்று ஐந்து வருடமாக நினைத்திருந்த என் திமிர் அங்கேயே இறங்கியது. நிலத்துக்காரர் சயீதுக்கு என் வயதுதான் இருக்கும். பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் கொடுத்து உட்காரவைத்தார். லாரித் தண்ணீர் ஆடுகளுக்கான தொட்டியில் இறங்கும் நேரத்தில், சாப்பிட்டதற்குக் கைமாறாக, அவர் புல்லில் களையெடுக்கத் தொடங்கினேன்.

அரைமணி நேரத்தில் பூச்செடிகளெல்லாம் ஒரு குவியல். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். சயீதின் முகம் வெளுத்திருந்தது.

"லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்கிறார் என்பது புரிந்தது. கையிலிருந்த செடியைக் கீழே போட்டேன்.

"க்யா கியா, பாய்?" என்ன காரியம் செய்தாய் என்று ரஹ்மான் பாய் தலையில் கைவைத்தார். பூவும் புல்லும் சேர்ந்ததுதான் ஆட்டுக்குத் தீனி, விதை உதிர்ந்த பிறகுதான் அறுப்பார்கள், காயவைத்துக் கோடை முழுக்கக் கொடுப்பார்கள் என்று இந்தியில் விளக்கினார். அப்போதுதான் பார்த்தேன். நான் வெறுமையாக்கிய மண்ணில் ஒரு குழி, அதில் மூன்று முட்டைகள், நேர் வெயிலில்.

"மாஃபி முஷ்கில்," பரவாயில்லை என்றார் சயீத். சொல்லிக்கொண்டே, நான் பிடுங்கிய செடிகளை முட்டைகளுக்கு நிழலாகச் சாய்த்து வைத்தார். விலகி நின்று காத்திருந்தோம். குருவி மேலே சுற்றியதே தவிர இறங்கவில்லை. அடுத்த வாரம் போய்வந்த ரஹ்மான் பாய், முட்டைகள் அப்படியே கிடக்கின்றன என்றார். வெட்கத்தில் அதன்பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மலைக்குப் போன மறுநாள் டூட்டியில், ஷூ லேஸில் ஒட்டியிருந்த முள்விதைகளைப் பிய்த்துப் ரவுண்டானாப் பாத்தியிலேயே போட்டிருந்தேன். அடுத்த குளிர்காலத்தில், புதிதாக நட்ட செடிகளுக்கு நடுவே மலையில் பார்த்த அதே மஞ்சள் பூ ஒன்று நின்றது.

"யே க்யா ஹை? நிகாலோ," இது என்ன, பிடுங்கு என்றார் சூப்பர்வைசர்.

எடுத்தேன், வேர்மண்ணோடு. சோறு தின்ற டிபன் பாக்ஸில் வைத்து, தண்ணீர் தெளித்து, எங்கள் கேம்ப் இருக்கும் சோனாப்பூருக்குப் போகும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கேம்ப் முற்றம் முழுக்க சிமெண்ட். ஊருக்குக் கொண்டுபோக லீவுக்கு இன்னும் ஒரு வருடம். மலைக்கென்றால் வார விடுமுறையான வெள்ளிக்கிழமைதான் போக முடியும், இந்த முறை போகத்தான் வேண்டும். அன்று சனிக்கிழமை. இன்னும் ஆறு நாள் அது டிபன் பாக்ஸிலேயே தாங்க வேண்டும்.