கர்சரைத் தேடிய காலை

அக்கா திருச்சிக்குக் கிளம்பும்போது என்னைக் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மார்பில் இருந்த கட்டியில் ஊசி குத்தி எடுத்த சதைக்கு அன்றைக்குத்தான் ரிசல்ட். அவள் குளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கணவர் சிங்கப்பூரில் வேலையில் இருப்பதால் திருக்கோகர்ணத்து வீட்டில் நானும் அவளும் மட்டும்தான்.

"நீ வந்தா அங்க ஒன்னைய யாரு பாத்துக்குறது? நான் டீச்சரோட போயிட்டு வாரேன். நீ ஒன் வேலையைப் பாரு" என்றாள். அவளோடு வேலை பார்க்கும் ஆவூர் டீச்சர் வாசலில் ஆட்டோவில் காத்திருந்தார். அக்கா சேலை மடிப்பை நீவிக்கொண்டே, மோட்டாரைப் போட்டால் நிறுத்த மறந்துவிடாதே என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ஏதோ பள்ளிக்கூட ஆய்வுக்குப் போகிறவள் மாதிரிதான் இருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டு பிளான் வரைந்து கொடுப்பது என் தொழில். ஓர் இன்ஜினியருக்கு மதியத்துக்குள் ஒரு படம் அனுப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் மனம் மாறி, படிக்கட்டை வடக்குப் பக்கம் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். அதையாவது செய்வோம் என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

திரை வந்தது, கர்சர் வரவில்லை. டச்பேடில் விரலை வைத்துத் தேய்த்தேன். ஒன்றுமில்லை. மௌஸை எடுக்கலாம் என்று பார்த்தால் அதையும் காணோம். முந்தின நாள் சாயங்காலம் அக்கா அந்த மேசையில் உட்கார்ந்துதான் வினாத்தாள் தயாரித்தாள். மேசைக்கு அடியில் பார்த்தேன், சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், தலையணைகளை உதறினேன். எங்கும் இல்லை. அவளுக்கு போன் போட்டு, "அக்கா, மௌஸை எங்க வச்ச?" என்று கேட்கிற நாளா அது? போனை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தேன்.

அது தொடுதிரை லேப்டாப். விரலால் தொட்டால் எல்லாம் திறக்கும், மூடும். ஆனால் விரலால் சுவர் வரைய முடியாது. என் விரல் நுனி அந்தத் திரையில் ஒரு அறை அகலம். படிக்கட்டின் கோட்டைப் பிடித்து இழுத்தால் சமையலறைச் சுவர் சேர்ந்து வந்தது. அதை மாற்றப் போனால் வாசல் கதவு இடம் பெயர்ந்தது. அழித்தேன், மறுபடி இழுத்தேன், மறுபடி அழித்தேன். லேப்டாப்பை நிறுத்தி மறுபடி போட்டேன். அது முழித்து வருவதற்குள் அடுப்படிக்குப் போய், என்னத்துக்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பினேன். அப்போதும் கர்சர் இல்லை.

லேப்டாப் வாங்கிய கடைக்கு போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையான ஆள்.

"மேல வரிசையில டச்பேடு படம் போட்ட கீ ஒண்ணு இருக்குங்களா? அதை அமுக்குங்க."

அமுக்கினேன். "வரலைங்க."

"செட்டிங்ஸ்ல டச்பேடு ஆன்ல இருக்கான்னு பாருங்க மேடம். விரலாலயே தொட்டுப் போகலாம்."

தொட்டுத் தொட்டுப் போனேன். "ஆன்லதாங்க இருக்கு."

"வேற மௌஸ் ஏதும் சொருகியிருக்கீங்களா?"

"மௌஸையே காணோங்க. அதைத்தானே தேடிக்கிட்டு இருக்கேன்."

எனக்கே என் குரல் கூடுதலாகக் கேட்டது. அவர், "அப்ப இங்கிட்டு எடுத்துட்டு வந்துருங்க. பாத்துருவோம்" என்றார்.

லேப்டாப்பைப் பையில் போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கேட் வரை போனேன். டவுன் பஸ்ஸில் நிற்கும்போது அக்கா கூப்பிட்டால்? கடையில் நாலு பேர் முன்னால் கூப்பிட்டால்? பூட்டைத் திறந்து உள்ளே வந்து, பழையபடி மேசையில் வைத்து, பழையபடி தேய்க்க ஆரம்பித்தேன். அது திரையில் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது, மூலையில் தள்ளினால் மாட்டிக்கொள்ளும் என்று தோன்றியது. விரல் சூடேறுகிற வரைக்கும் தேய்த்தேன். இன்ஜினியர் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. அக்கா கூப்பிடுகிற நேரம் லைன் காலியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அப்புறம் அக்காவின் அழைப்பு வந்தது.

"சாப்டியா?" என்றாள்.

"நீ சொல்லுக்கா."

"அதுதான்டி. இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆரம்பத்துலயே பாத்தாச்சாம். ஆபரேஷன் பண்ணிட்டு, அதுக்குப் பெறகு மருந்து குடுப்பாங்களாம். டாக்டரம்மா நல்லாப் பேசுனாங்க."

பாடம் நடத்துகிற அதே குரல். நான் "ம்" என்றேன்.

"அங்க என் கண்ணாடிக்கூடு கெடக்கா பாரு" என்றாள். "ரிப்போர்ட்டைக் கையில குடுத்தாங்க. ஒரு எழுத்து தெரியலை. டீச்சர்தான் வாசிச்சுச் சொன்னாங்க. பையில கையை விட்டா ஒன்னோட மௌஸ் கெடக்கு. அதை எப்ப எடுத்துப் போட்டேன்னே தெரியலடி."

கண்ணாடிக்கூடு மேசையிலேயே என் கண்ணுக்கு நேராக இருந்தது. காலையிலிருந்து நாலைந்து தடவையாவது அதைத் தள்ளிவிட்டுத் தேடியிருப்பேன். கறுப்பு, உருண்டை, கைக்குள் அடங்குகிறது. மேசையிலிருந்து இதற்குப் பதில் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சேலை மடிப்பை நீவி, மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். அவளும் என்னைப் போலத்தான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இருக்குக்கா. பஸ் ஸ்டாப்புக்கு எடுத்துட்டு வாரேன்" என்றேன்.

போனை வைத்த பிறகு லேப்டாப்பின் பக்கவாட்டில் பார்த்தேன். வயரில்லாத மௌஸுக்கு உண்டான ரிசீவர், நகத்தளவு, சொருகியபடியே இருந்தது. வரையும்போது உள்ளங்கை பட்டுக் கோடு நகர்கிறதே என்று, மௌஸ் இருக்கும்போது டச்பேடு வேலை செய்யாதபடி எப்போதோ நான்தான் மாற்றி வைத்திருந்தேன். மௌஸ் திருச்சியில் இருப்பது லேப்டாப்புக்குத் தெரியுமா? ரிசீவரைப் பிடுங்கினேன். டச்பேடில் விரல் வைத்ததும் திரை நடுவில் அம்புக்குறி வந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டை நகர்த்தத் தோன்றவில்லை. இன்ஜினியரைக் கூப்பிட்டு, வீட்டில் உடம்பு சரியில்லை, நாளைக்குத் தருகிறேன் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆவூர் டீச்சர் என் தோளைத் தொட்டு, "நான் ஜெபம் பண்ணிக்கிறேம்மா. தெம்பா இருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். நாங்கள் இருவரும் நடந்தோம். அக்கா வேகமாக நடக்கிறவள். அன்றைக்கு நான் நின்று நின்று அவளோடு சேர வேண்டியிருந்தது.

தெரு முனை வந்ததும் என் கையைப் பிடித்தாள். "பயமா இருக்குடி" என்றாள்.

"எனக்கும்தான்க்கா."

"தெரியும். அதான் ஒன்னையக் கூட்டிட்டுப் போகல. ஒன் மூஞ்சியைப் பாத்தா எனக்குக் கையும் காலும் ஓடாது."

ஆபரேஷனுக்கு நான்தான் கூடப் போனேன். இந்தத் தடவை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. மருந்து ஏற்றிய மாதங்களில் முடி கொட்டியது, எதைச் சாப்பிட்டாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்றாள், என் மேல் எரிந்து விழுந்தாள். நானும் பதிலுக்கு எரிந்து விழுந்தேன். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கையை முழுதாகத் தூக்க இன்னும் வரவில்லை. போர்டின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறாளாம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதிக்கொள்கின்றனவாம்.