தைத்த பிறகு சாயம்

மைதிலியிடம் எதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் முதலில் பிரித்துப் பார்த்துவிடுவாள். கரையான்சாவடியில் என் ஜெராக்ஸ் கடையின் பாதி இடத்தில் தையல் மெஷின் போட்டிருந்தாள். அதற்கு முன் பல வருடம் அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் காலர் மட்டும் தைத்தவள். முழுச் சட்டை ஒன்றைத் தைக்காமலே காலம் போய்விடுமோ என்று பயந்து வேலையை விட்டாள். புருஷன் பாஸ்கரன் ஆடி வரை கெடு வைத்திருந்தான். அதற்குள் கடை சூடுபிடிக்கவில்லை என்றால் திரும்பக் கம்பெனிதான்.

சித்திரையில் சிவராமன் என்கிற வாடிக்கையாளர் ஜிப் போன ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். ஸ்டோன் ஐலேண்டாம், இத்தாலிச் சரக்கு. நம்ம ஊர் வெயிலில் அதை எங்கே போட்டுக்கொண்டு அலைந்தாரோ. மைதிலி ஜிப்பை விட்டுவிட்டுத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, நூல்லயும் சாயம் ஏறிக்கீது. தெச்சப்புறம் முக்கி எடுத்தானா? யாரு இவன்னு போன்ல பாருங்க."

பார்த்தேன். அந்த பிராண்டை ஆரம்பித்தவர் மாஸிமோ ஓஸ்டி. தையற்காரரே இல்லை, விளம்பர ஓவியம் போட்டவர். பழைய ராணுவ உடுப்புகளை வாங்கிக் குவித்து ஆராய்ந்திருக்கிறார். லாரி மூடுகிற தார்ப்பாயை மெத்தென்று ஆகும்வரை துவைத்து ஜாக்கெட் தைத்ததில்தான் ஸ்டோன் ஐலேண்டே பிறந்திருக்கிறது. வெள்ளையாகத் தைத்து, முழு உடுப்பாகச் சாயத்தில் போடுவதும் அவர் வழக்கம். மைதிலி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

ஆனியில் வேம்புலி வந்தார். திருவேற்காட்டுக்குப் பால்குடம் எடுக்கும் குழுவின் தலைவர். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை வேண்டும் என்றார். மஞ்சள் துணி கடையில் தாராளமாகக் கிடைக்கும்போது இவள் வெள்ளைக் காடாத் துணி வாங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? துணியை நனைத்து உலர்த்தி, அளவு பிசகாமல் தைத்து, பிரியாணி அண்டாவில் சாயம் கொதிக்கவைத்து முக்கினாள். காய்ந்ததும் காலர் ஓரம் வெளிறி, மடிப்பில் அடர்ந்து, அப்படி ஓர் அழகு. எனக்கே ஒன்று வேண்டும்போல் இருந்தது.

வேம்புலி போட்டுப் பார்த்தார். தொப்பைக்கு மேலேயே பொத்தான்கள் நின்றுவிட்டன.

"இன்னாம்மா, எம்புள்ளைக்குத் தெச்சியா?"

கம்பெனியில் அவள் கைக்கு வந்ததெல்லாம் முன்பே சுருக்கி முடித்த துணி. பச்சைத் தண்ணீரில் நனைத்தால் போதும் என்று நினைத்துவிட்டாள். கொதிக்கும் அண்டாவில் காடா மறுபடி இழுத்துக்கொண்டது. குழு ரெடிமேட் வாங்கிக்கொண்டது. பாஸ்கரன் திட்டக்கூட இல்லை. "போதும் மைதிலி" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மைதிலியே போன் போட, பழைய கம்பெனி சூப்பர்வைசர் பேசினார்.

"காலர்ல எடம் கீது. திங்கக்கெழம வந்துடு."

"காலர் வேணாம் சார். சாயம் போடுற எடத்துல போடுங்க."

"நாள் பூரா ஈரத்துல நிக்கணும்மா."

"நிக்கிறேன் சார்."

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மெஷின எடுத்துகினு போவலக்கா. எந்தத் துணி எவ்ளோ சுருங்குதுன்னு தெரிஞ்சிகினு வந்துர்றேன். இந்த எடத்த வேற யாருக்கும் உட்றாதீங்க."

அன்று சாயங்காலமே ஜூஸ் கடைக்காரர் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு வந்தார். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.