ஹமீது முகர்ந்து பார்த்த கிணறு

மலாய்நாட்டு ஊரான ஜெலுத்தோங்கில் ரப்பர் சப்பாத்துக் காலணி தைக்கும் பட்டறையில் அப்துல் ஹமீதுக்குப் பசை தயாரிக்கும் வேலை. நெடியடிக்கும் பென்சினில் ரப்பரைக் கரைத்துப் பகலெல்லாம் கிண்டுவார். மாலையில் பக்கத்துச் சூராவ் தொழுகைக்கூடத்தில் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவி ஒளு செய்யத் தெருக் கிணற்றிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பார். கிணற்று நீரின் நிறம், ருசி, வாடை மூன்றும் மாறவில்லை என்று அவர் சொன்னால்தான் தெருவே அதைத் தொடும். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

1932இல், முதலாளி சொன்னபடி, கெட்டுப்போன பென்சினைக் கிணற்றோரக் குழியில் அவரே கொட்டினார். ஒரு வாரத்தில் கிணறு நாறியது. ஹமீது பதறவில்லை. முன்பு மரச்சாமான் மெருகிடும் இடத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஸ்பிரிட் கொட்டிய குட்டை சில நாளில் தெளிந்ததைக் கண்ணால் கண்டவர். ஸ்பிரிட்டைத் தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் விருந்தாகத் தின்று தீர்த்துவிடும். பென்சினை அவை அவ்வளவு லேசில் தொடுவதில்லை. காற்றுப் புகாத மண்ணுக்கடியில் அது வருஷக்கணக்கில் கிடக்கும். இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

கிணற்றைப் பத்து நாள் மூடிவைத்தார். பிறகு ஒரு கை அள்ளி முகர்ந்தார், கொப்பளித்தார்.

"வாடை போயிருச்சு லா. இறைங்க."

வாடை போகவில்லை. தொழ வந்தவர்கள் வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு வந்தார்கள். பெண்கள் பெரிய சாலைக் குழாயில் வரிசை நின்றார்கள். அவர் முகம் வாடுமே என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாழாய்ப்போன மரியாதை! ஹமீது வீட்டில் மட்டும் அந்தத் தண்ணீரே புழங்கியது. பத்து மாதத்தில் அவர் மனைவி மஹ்பூபா பாதியாக இளைத்தாள். உண்டது எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

கூட வேலை செய்த ஷேக் அலாவுதீனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"அண்ணே, கண்ண மூடுங்க. என்ன வாடை அடிக்குது?"

"ஒண்ணும் இல்லியே தம்பி."

கண்ணைத் திறந்தால், மூக்குக்கு நேரே பென்சின் சொட்டும் துணி. பட்டறை அவர் மூக்கை எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

ஹமீது வீட்டுக்கு ஓடினார். மஹ்பூபா பாயில் சுருண்டு கிடந்தாள்.

"கிணத்துத் தண்ணி நாறுதா?"

"நாறுது."

"எப்பருந்து?"

"நாத்தம் எப்பங்க நின்னுச்சு?"

"பின்ன ஏன்டி குடிச்சே?"

"உங்க பொண்டாட்டியே குழாயடியில போய் நின்னா, உங்க வார்த்தைய யாரு மதிப்பா?"

ஹமீது வாய்விட்டு அழுதார். அவள் முகம் சுளிக்காமல் குடித்ததைப் பார்த்துத்தான் அத்தனை மாதமும் அவர் தன் மூக்கை நம்பியிருந்தார்.