மௌஸ் அவள் கையில் இருந்த வருடங்கள்

ஆறு வருடம் அந்த விளையாட்டை ஆடியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட மௌஸைத் தொட்டதில்லை. அதைப் பிடித்திருந்தது என் தங்கை. நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பேன்.

செங்கல்பட்டில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அம்மா, நான், அவள். அப்பா காலமான பிறகு திருக்கழுக்குன்றத்திலிருந்து அங்கே வந்தோம். எனக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் எழுதும் வேலை. அவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். படிப்புக்கென்று வாங்கிய பழைய லேப்டாப்பில் அந்த விளையாட்டைப் போட்டு வைத்தாள்.

அதில் சுடுவது, துரத்துவது, ஜெயிப்பது எதுவும் கிடையாது. ஒரு மனையை எடுத்து வீடு கட்ட வேண்டும். ஆட்களை உருவாக்கிக் குடிவைக்க வேண்டும். அவர்கள் சமைப்பார்கள், வேலைக்குப் போவார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். கூரையை எடுத்துவிட்டு மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டதும் ஆரம்பிப்போம். கடலைப் பார்த்த மனை ஒன்றை எடுத்து, அதில் எங்கள் மூன்று பேரையும் குடிவைத்திருந்தோம். "சமையக்கட்டு பக்கம் திருப்பு" என்பேன். நான் சொல்லி முடிப்பதற்குள் திரும்பியிருக்கும். சில சமயம் நான் சொல்லாமலே திரும்பும். எனக்கு எங்கே பார்க்கத் தோன்றுகிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அதை நான் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

சாதாரணமாக அந்த விளையாட்டில் மௌஸின் வலது பொத்தானைப் பிடித்து இழுத்தால் வீடு சுழலும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. செட்டிங்ஸில் துழாவி, பழைய பதிப்பின் கேமரா முறை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து அதற்கு டிக் போட்டாள். அந்த முறையில் நடுவில் இருக்கும் சக்கரத்தை அழுத்திப் பிடித்து இழுத்தால்தான் வீடு சுழலும். வலது பொத்தான் இடம் நகர்த்துவதற்கு மட்டும். பழகிவிட்டால் இதுதான் சுலபம் என்று சொன்னாள். நான் பழக வேண்டிய அவசியமே வரவில்லை.

பிறகு அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள்.

"இத்த நீ வச்சிக்க. சும்மா இருந்தா ஆடு."

"எனுக்கு இன்னாடி தெரியும் அதுல?"

"ஆறு வருசமா பாத்துகினு தான கீற."

அவள் போய் நான்கு மாதம் நான் அதைத் திறக்கவில்லை. ஞாயிறு மதியங்களில் துணி மடித்தேன், தூங்கினேன், அம்மாவோடு டிவி பார்த்தேன். ஒரு ஞாயிறு அம்மா ஊருக்குப் போயிருந்தாள். அன்றைக்கு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அப்போதுதான் எடுத்தேன்.

எங்கள் வீடு திரையில் வந்தது. கூரை மட்டும் தெரிந்தது. உள்ளே பார்க்க வேண்டும் என்று எதையோ இழுத்தேன். வீடு அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தடவை இழுத்ததில் கடல் வந்தது. அதற்குப் பிறகு கடல்தான். எந்தப் பக்கம் போனாலும் நீலமாகத் தண்ணீர். வீட்டுக்கு எப்படித் திரும்புவது என்று தெரியாமல் லேப்டாப்பை மூடினேன். அழுகை வந்தது. ஒரு விளையாட்டுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறு வாரம் வீடியோ காலில் அவளிடம் சொன்னேன். இங்கே மதியம், அவளுக்கு அப்போது காலை. கம்பளி போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"சக்கரத்த அழுத்திகினே இழு, அக்கா."

"சக்கரம் உருட்றதுக்குத்தான?"

"உருட்டுனா கிட்ட வரும், தூர போவும். அழுத்துனா சுத்தும். நடு வெரலு வச்சி அழுத்து."

அழுத்தினேன். விரல் வழுக்கிச் சக்கரம் உருண்டது. வீடு எறும்பளவாகிப் போனது. அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அத்த மாத்திட்டு சாதாரணமா வச்சிக்கயேன். சுலுவா இருக்கும்."

"வாணாம். உன்னுது எப்டி கீதோ அப்டியே கத்துக்கறேன்."

அவள் டீயைக் குடித்தாள்.

சர்ச் காலண்டரில் முடிந்துபோன மாதங்களைக் கிழித்து, அந்தத் தாளின் மேல் மௌஸை வைத்துப் பழகினேன். வேலை விட்டு வந்ததும் பத்து நிமிடம். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்குத் திரும்பி வர வேண்டும். அது மட்டுந்தான் பாடம். சென்டரில் டோக்கன் எழுதும்போதும் நடுவிரல் தானாக மேசையை அழுத்தும். ஒரு மாதம் ஆனது. சுவரில் முட்டாமல், கடலுக்குப் போகாமல், சமையலறையிலிருந்து படுக்கையறைக்கு வரக் கற்றுக்கொண்டேன்.

அடுத்து அவள் இன்னொன்று சொல்லிக்கொடுத்தாள். கீபோர்டில் டேப் பொத்தானை அழுத்தினால் கேமரா நம் கைக்கு வந்துவிடும். எழுத்துப் பொத்தான்களால் முன்னே பின்னே போகலாம், தரை வரைக்கும் இறங்கலாம். இறங்கி, ஆள் உயரத்தில் வாசல் வழியாக உள்ளே போனேன். ஆறு வருடமாக அந்த மூன்று பேரையும் உச்சந்தலையாகத்தான் பார்த்திருந்தேன். அன்றைக்குத்தான் தங்கையின் பொம்மைக்கு நேர் எதிரே போய் நின்றேன். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் வைத்திருந்தாள். அவளுக்கு இருக்கும் அதே இடத்தில். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வைத்திருப்பாள்.

இரண்டு வருடம் கழித்து இருபது நாள் லீவில் வந்தாள். வந்த ஞாயிறே லேப்டாப்பை எடுத்து வைத்தேன். அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

"நல்லாவே புடிச்சிகினியே" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "குடு, நான் பாக்கறேன்."

பழைய மாதிரி நான் இடப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் வலது பொத்தானைப் பிடித்து இழுத்தாள். வீடு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி இழுத்தாள். கடல் வந்தது.

"இன்னாக்கா இது, எங்கயோ போவுது?"

"சக்கரத்த அழுத்துடி."

"ஆமால்ல." ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். விரல் மறுபடி வலது பொத்தானுக்கே போனது. மௌஸை என் பக்கம் தள்ளினாள். "அங்க ரூம்ல ஒரு பொண்ணு கீதுக்கா, கேரளா. அதும் இத்த ஆடும். லீவு நாள்ல ரெண்டு பேரும் ஆடுவோம். அது சாதாரண கேமரா தான் வச்சிருக்கும். எனுக்கும் கை அப்டியே ஆயிடிச்சி."

"உன் பக்கத்துல உக்காருமா?"

"ஆமா. நான்தான் ஓட்டுவேன். அது சொல்லும்."

அவள் தனியாக இல்லை என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "நல்ல பொண்ணா?" என்று கேட்டேன். நல்ல பொண்ணு என்றாள். "பின்னாடி தோட்டம் காட்டு" என்றாள். நான் திருப்பினேன். அவள் சொன்ன பிறகுதான் திருப்பினேன். அவள் எங்கே பார்க்க நினைக்கிறாள் என்று எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. அரைமணி நேரத்தில் அம்மா மீன் குழம்பு ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.

கிளம்புவதற்கு முன் ஒரு நாள் இரண்டு பேரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போனோம். காற்று அதிகம். அலை வந்து தொடாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அப்போதுதான் சொன்னாள்.

"வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ மூஞ்ச தூக்கி வச்சிப்ப. இருவது நாளும் வீணாப் போயிடும்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் முந்தானை காற்றில் என் மேல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி வந்தது. விட்டுவிட்டேன்.

அவள் போன பிறகு வந்த ஞாயிறு, புதிதாக ஒரு மனை எடுத்தேன். கடலோரம் இல்லை, உள்ளே தள்ளி. ஒரே ஒரு அறை. சுவர் எழுப்பினேன், கதவு வைத்தேன். ஜன்னலை எங்கே வைப்பது என்று கேட்க ஆள் இல்லை. கிழக்கே வைத்தேன், எடுத்தேன், தெற்கே வைத்தேன். சாயந்திரம் ஆகிவிட்டது. கடைசியில் கிழக்கே வைத்துப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

அவள் டூட்டியில் இருந்திருப்பாள். மறுநாள் சென்டரில் கூட்டமாக இருந்த நேரத்தில் பதில் வந்தது. "அழகா கீதுக்கா. யாரு வூடு?"

என்ன எழுதுவது என்று போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பெரியவர் தன் டோக்கன் என்ன நம்பர் என்று இரண்டாவது தடவையாகக் கேட்டார்.